விளையாட்டுத் திறன் ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி: கேள்வி பிடிப்பது முதல் எழுதி முடிப்பது வரை

உடற்பயிற்சி அறிவியலில் புராஜெக்ட் செய்யப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்பதுதான். அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: நான் தேடுகிற மாற்றம், என் கையில் இருக்கும் கருவி செய்கிற பிழையைவிடப் பெரியதா? மாணவர் ஆய்வுகளில் பல, ஆள் திரட்டி, வாரக்கணக்கில் மைதானத்தில் நின்று, எல்லாம் முடிந்த பிறகு ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்பது இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால்தான். கொஞ்ச வாரப் பயிற்சியில் ஒரு நல்ல வீரரின் குறுந்தூர ஓட்ட நேரம் நொடியின் நூறில் சில பங்குதான் குறையும். அதை ஸ்டாப்வாட்ச் பிடித்த கட்டைவிரலால் கண்டுபிடிக்க முடியாது.

வழி முழுவதும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன், படிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"கால்பந்து வீரர்களின் உடல்திறனில் பயிற்சியின் விளைவு" என்பது தலைப்பு மாதிரி தெரியும், ஆனால் அதில் கேள்வியே இல்லை. யாரிடம், எதை மாற்றி, எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கப் போகிறீர்கள்? இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி.

நம் உதாரணம் இது: பயிற்சியில் இருக்கும் கல்லூரி வாலிபால் வீரர்களிடம், "தரையைப் பலமாகத் தள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்ட வைப்பதற்கும் "முழங்காலை வேகமாக நீட்டுங்கள்" என்று சொல்லித் தாண்ட வைப்பதற்கும் செங்குத்துத் தாண்டல் உயரத்தில் வித்தியாசம் உண்டா? முதல் வாக்கியம் கவனத்தை உடலுக்கு வெளியே, தரை மீது வைக்கிறது, இரண்டாவது உடல் மீதே வைக்கிறது. கவனம் உடலுக்கு வெளியே இருந்தால் அசைவு மேம்படுகிறதா என்பதை ஆய்வாளர் காப்ரியேல வுல்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதிலிருந்து இது நிறைய பேர் ஆராய்ந்த விஷயம். மாணவருக்கு இது ஏன் நல்ல கேள்வி என்றால், செலவு இல்லை, ஆபத்து குறைவு, எட்டு வாரப் பயிற்சித் திட்டம் நடத்தி பாதிப் பேர் நடுவில் நின்றுபோவதைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு கோச் மறுநாளே பயன்படுத்தக்கூடிய பதிலும் கிடைக்கும்.

புரோட்டீன் பொடி, காஃபீன், இன்ன பிற சப்ளிமென்ட் பக்கம் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அளவு, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை, மருத்துவ மேற்பார்வை எல்லாம் பெரிய வேலை. அது போக, சப்ளிமென்டில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி அது உடலுக்குள் எப்படி வந்திருந்தாலும் வீரர்தான் பொறுப்பு. உங்கள் புராஜெக்டுக்காக ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டாம்.

படி 2: முன்பு செய்தவர்களைப் படியுங்கள், ஆனால் வேறு மாதிரி படியுங்கள்

ஆய்வுக் கட்டுரை தேடும் தளங்களான பப்மெட், கூகுள் ஸ்காலர் இரண்டும் இலவசம். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று அடுக்குவது வீண் வேலை. செய்முறைப் பகுதிக்கு நேராகப் போங்கள். எத்தனை பேர், என்ன வார்ம்-அப், தாண்டலுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு, எந்தக் கருவி, அந்தக் கருவியின் பிழை எவ்வளவு, இரண்டு நிலைகளுக்கும் நடுவே கிடைத்த வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர், அதன் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) என்ன. இவற்றை ஓர் எக்செல் தாளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தால், பத்துக் கட்டுரை முடிவதற்குள் உங்கள் ஆய்வின் வடிவம் பாதி தயாராகிவிடும். யாரிடம் செய்யப்படவில்லை என்பதும் கண்ணில் படும். இந்தத் துறையில் பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் இன்னும் மிகக் குறைவு, அங்கே நல்ல கேள்விகள் கிடக்கின்றன.

படி 3: கருவியை முதலில் சோதியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஃபோர்ஸ் பிளேட் (கால் தரையில் கொடுக்கும் விசையை அளக்கும் பலகை) இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம், செல்போன் கேமராவே போதும், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கால் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும் நொடிவரை எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார் என்பதை வீடியோவில் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து எண்ணுகிறோம். கினோவியா போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். உயரம் (மீட்டரில்) = 9.81 × நேரம் × நேரம் ÷ 8, நேரம் நொடியில். காற்றில் 0.5 நொடி இருந்தால் சுமார் 30.7 செ.மீ. சரி, இப்போது பிழையைப் பாருங்கள். சாதாரண வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம். ஒரு ஃபிரேம் தவறாக எண்ணினாலே உயரம் சுமார் 4 செ.மீ. மாறிவிடும்! அதே போனில் ஸ்லோமோஷன் வைத்து நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால், ஒரு ஃபிரேம் தவறுக்கு அரை செ.மீ. மட்டும்தான். நாம் தேடும் வித்தியாசமே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால், முதல் அமைப்பில் எடுத்த வீடியோவை வைத்து எந்தப் புள்ளியியல் செய்தும் பயனில்லை.

இன்னொரு ஓட்டை: இந்தச் சூத்திரம், தரையை விடும்போதும் தொடும்போதும் உடல் ஒரே நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் தரையைத் தொடத் தாமதமாகும், தாண்டாத உயரம் கணக்கில் ஏறிவிடும். கால் நீட்டி, முன்பாதத்தில் இறங்கச் சொல்லுங்கள், மடக்கி இறங்கியதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி தாண்ட வையுங்கள். கைகள் இடுப்பில் இருக்கட்டும், கை வீச்சு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஓட்டம் அளக்கிறவர்களுக்கும் இதே கதைதான். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச் நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகத்தான் வரும், 100 மீட்டருக்கு அந்த இடைவெளியைச் சரிசெய்ய வழக்கமாகச் சேர்ப்பது 0.24 நொடி. அந்த 0.24-ஐச் சேர்த்தாலும் ஒவ்வொரு முறையும் விரல் செய்யும் முன்பின் போகாது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனுக்கு கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டமோ, லெஜே உருவாக்கிய 20 மீட்டர் ஷட்டில் ஓட்டமோ எடுப்பவர்கள், அவை ஆக்சிஜன் பயன்பாட்டை நேரடியாக அளப்பவை அல்ல, ஓடிய தூரத்தையோ எட்டிய வேகத்தையோ வைத்து மதிப்பிடுபவை என்பதை எழுதிவிட வேண்டும். அதிகபட்ச இதயத் துடிப்புக்கு "220 கழித்தல் வயது" போடுபவர்கள் கவனியுங்கள், 20 வயதுக்கு அது 200 என்று சொல்லும், 2001-இல் தனகா குழு தந்த சூத்திரம் 194 என்று சொல்லும், உண்மையில் ஒரு குறிப்பிட்ட நபருக்கு இரண்டிலிருந்தும் பத்துத் துடிப்பு தள்ளி இருப்பது சகஜம்.

அப்புறம் உங்கள் கருவியின் பிழையை நீங்களே கண்டுபிடியுங்கள், அடுத்தவர் கட்டுரையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து பேரை இரண்டு வேறு நாட்களில், ஒரே நேரத்தில், எந்த மாற்றமும் செய்யாமல் தாண்ட வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.41-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் வழக்கமான அளவீட்டுப் பிழை. வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 2.1 செ.மீ. என்றால் பிழை 1.5 செ.மீ. இதில் கருவி, உங்கள் கண், வீரரின் அன்றைய உடல்நிலை எல்லாமே அடங்கும். ஒரே தாண்டலுக்குப் பதில் மூன்று தாண்டல்களின் சராசரி எடுத்தால் இந்தப் பிழை நன்றாகக் குறையும். இந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்ற எல்லா முடிவுகளும் எளிதாகும்.

படி 4: ஆய்வை வடிவமைப்பது

முடிந்தவரை அதே ஆட்களை இரண்டு நிலையிலும் சோதியுங்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் (ஒருவர் 25 செ.மீ., இன்னொருவர் 45 செ.மீ.) அப்போது கணக்கிலிருந்து விலகிவிடும். பாதிப் பேருக்கு "தரையைத் தள்ளு" முதலில், மீதிப் பேருக்கு "முழங்காலை நீட்டு" முதலில். யார் எந்த வரிசை என்பதை குலுக்கல் தீர்மானிக்கட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள். இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் ஒரு பக்கமே போய்ச் சேர்ந்து, அதையே உங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

பழகுவதற்கு ஒரு தனி நாள் கட்டாயம். புதிய சோதனை எதுவாக இருந்தாலும் இரண்டாம் முறை நன்றாக வரும், அது தசை வளர்ந்ததால் அல்ல, பிடி கிடைத்ததால். நேரமும் ஒன்றாக இருக்கட்டும்: வேகமும் பலமும் காலையைவிட மாலையில் கொஞ்சம் கூடுதலாக வருவது பல ஆய்வுகளில் கண்டது. எனவே ஒரு நிலையைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்தால் ஆய்வு கெட்டது. ஒரே வார்ம்-அப், ஒரே ஷூ, முந்தைய நாள் கடும் பயிற்சி கூடாது. சொல்ல வேண்டியதைப் பதிவுசெய்து ஒலிக்க விடுங்கள், ஏனென்றால் நீங்கள் நம்புகிற சொல்லை உங்களை அறியாமல் உரக்கச் சொல்வீர்கள். "சபாஷ், இன்னும் கொஞ்சம்!" என்று உற்சாகப்படுத்துவதும் தாண்டலைக் கூட்டும், செய்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம். வீடியோவை அளப்பவருக்கு அது எந்த நிலை என்று தெரியக்கூடாது. கோப்புகளுக்குக் குறியீட்டு எண் போட்டு நண்பரிடம் கொடுத்து அளக்கச் சொன்னால் போதும்.

பயிற்சித் திட்டம்தான் ஆராய வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கட்டுப்பாட்டுக் குழு (அந்தப் பயிற்சி பெறாமல் ஒப்பிடுவதற்காக மட்டும் அளக்கப்படும் குழு) இல்லாமல் செய்யாதீர்கள், அதிலும் வளரும் வயதினரிடம் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். உயரம் வேகமாக ஏறும் காலம் பெண்களுக்குச் சுமார் 12 வயது, ஆண்களுக்குச் சுமார் 14 வயது. அந்த நேரத்தில் பயிற்சியே இல்லாமலும் வேகமும் தாண்டலும் மாறும். இரண்டாவது, முதல் சோதனையில் மோசமாகச் செய்த பத்துப் பேரைப் பொறுக்கி அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து "முன்னேறிவிட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். அவர்களில் சிலர் அன்று உடம்பு சரியில்லாமல் மோசமாகச் செய்திருப்பார்கள், அடுத்த முறை தானாகவே சராசரிப் பக்கம் திரும்பி வருவார்கள்.

படி 5: எத்தனை பேர் வேண்டும்?

"முப்பது பேர் போதும்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஜிபவர் என்ற இலவச மென்பொருளில் கணக்குப் போடலாம். நடுத்தர விளைவு, அதாவது வித்தியாசம் திட்ட விலக்கத்தில் பாதி இருக்கும் என்று எதிர்பார்த்து, வழக்கமான 5% பிழை வரம்பும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80% கண்டறியும் திறனும் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) வைத்தால், ஒரே ஆட்களை இரண்டு முறை சோதிக்கும் வடிவத்துக்கு 34 பேர் வேண்டும். தனித்தனிக் குழு என்றால் குழுவுக்கு 64, மொத்தம் 128 பேர். இரண்டிலும் அந்த "பாதி" ஒரே திட்ட விலக்கத்தைக் குறிக்காது (தனித்தனிக் குழுவில் ஆளுக்கு ஆள் உள்ள விலக்கம், ஒரே ஆட்கள் வடிவத்தில் இரண்டு நிலை வித்தியாசங்களின் விலக்கம்) என்றாலும், மாணவர் ஆய்வுக்கு எந்த வடிவம் ஏற்றது என்பது இதிலேயே தெரிகிறது. நடுவில் விலகுபவர்களுக்காகச் சிலரைக் கூடுதலாகச் சேருங்கள். 12 பேர்தான் கிடைப்பார்கள் என்றால், அதை மறைக்காமல் எழுதி, ஒவ்வொருவரையும் பலமுறை அளந்து பிழையைக் குறையுங்கள்.

படி 6: அனுமதி, ஒப்புதல், பாதுகாப்பு

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் அளவீட்டுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு உலகம் முழுவதும் அடிப்படையாக இருப்பது 1964-இல் வந்த ஹெல்சிங்கி அறிக்கை, அதன் சாரத்தையாவது படித்துவிடுங்கள். குழுக்கள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் இந்த விண்ணப்பம் உங்கள் கால அட்டவணையில் முதல் வரியாக இருக்கட்டும்.

ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி தெளிவாக வர வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: ஆட்களைச் சேர்க்க கோச்சைக் கேட்க விடாதீர்கள். அணித் தேர்வு யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்டால் எந்த வீரரும் "முடியாது" என்று சொல்லப்போவதில்லை, அது சம்மதம் ஆகாது. கோச் இல்லாத நேரத்தில் நீங்களே போய் விளக்குங்கள், யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதை கோச்சிடம் சொல்லாதீர்கள்.

உடற்பயிற்சிக்கு முன் கேட்கும் பார்-க்யூ பிளஸ் கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. நெஞ்சுவலி, மயக்கம், பழைய மூட்டுக் காயம் என்று ஏதாவது வந்தால் மருத்துவர் சொல்லும்வரை அவர் சோதனைக்கு வேண்டாம். முதலுதவி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 7: ஒத்திகை, பிறகு அளவீடு

நாலைந்து பேரை வைத்து முழு நடைமுறையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போனில் இடம் தீர்ந்துபோவது, வெளிச்சம் போதாமல் கால் மங்கலாகத் தெரிவது, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று நினைத்தது இருபத்தைந்து ஆவது எல்லாம் அன்றுதான் தெரியவரும். ஒத்திகைத் தரவை முக்கிய ஆய்வில் சேர்க்காதீர்கள். போனை ஸ்டாண்டில், தரையோடு ஒட்டிய உயரத்தில் வையுங்கள்.

அளவீடு தொடங்குவதற்கு முன் இன்னொரு வேலை: என்ன அளப்பீர்கள், எந்தத் தாண்டலைக் கணக்கில் எடுப்பீர்கள், எந்தப் புள்ளியியல் சோதனை செய்வீர்கள் என்பதை எழுதித் தேதியோடு பதிவுசெய்யுங்கள். ஆய்வுத் திட்டங்களைப் பதிவுசெய்யும் ஓஎஸ்எஃப் இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம், குறைந்தபட்சம் கைடுக்கு மின்னஞ்சலாவது அனுப்பிவையுங்கள். சராசரியா, அதிகபட்சமா, மூன்றாவது தாண்டலா என்று பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நன்றாக வந்ததை எடுத்துக்கொள்ளும் ஆசையிலிருந்து இது உங்களைக் காப்பாற்றும்.

படி 8: தரவைப் பார்ப்பது

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வாங்கக் காசு இல்லை என்றால் ஜமோவி அல்லது ஜாஸ்ப் போதும், இரண்டும் இலவசம். சோதனையை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு படம் வரையுங்கள்: ஒவ்வொருவருக்கும் இரண்டு புள்ளி, நடுவே ஒரு கோடு. பெரும்பாலான கோடுகள் மேலே ஏறுகின்றனவா, இல்லை ஒரே ஆள் 15 செ.மீ. ஏறி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறாரா (பெரும்பாலும் தட்டச்சுப் பிழை) என்பது உடனே தெரிந்துவிடும்.

நம் உதாரணத்துக்கு இணைத்த டி-சோதனை (ஒரே ஆட்களின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் சோதனை) போதும். 34 பேரில் சராசரி வித்தியாசம் 1.2 செ.மீ., வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 2.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 95% நம்பக எல்லை, அதாவது இந்தத் தரவோடு பொருந்தும் வித்தியாசங்களின் வரம்பு, ஏறத்தாழ 0.4 முதல் 2.0 செ.மீ. வரை வரும். "பி மதிப்பு 0.05-க்குக் கீழே, எனவே கருதுகோள் நிரூபணமானது" (பி மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) என்று மட்டும் எழுதி முடிப்பதைவிட, "வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கும் கீழே இருக்கலாம், இரண்டு வரையும் இருக்கலாம்" என்று எழுதுவது நேர்மையும் பயனும் உள்ளது. வலைக்கு மேலே கை நீட்டும் ஒருவருக்கு 2 செ.மீ. பெரிது, 0.4 செ.மீ. என்றால் எதுவுமில்லை.

திரும்பத் திரும்பக் கண்ணில் படும் மூன்று தவறுகள். பயிற்சிக் குழுவில் முன்-பின் வித்தியாசம் குறிப்பிடத்தக்கது (பி மதிப்பு 0.05-க்குக் கீழே), கட்டுப்பாட்டுக் குழுவில் இல்லை, ஆகவே பயிற்சி பலன் தந்தது என்று எழுதுவது முதலாவது. இது தவறான வாதம். ஒரு குழுவின் பி மதிப்பு 0.04, இன்னொன்றின் பி மதிப்பு 0.07 என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம், எனவே இரு குழுக்களின் மாற்றத்தை நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரண்டாவது, இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றன என்று காட்ட ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்) மட்டும் தருவது. ஒரு கருவி எப்போதும் 5 செ.மீ. கூட்டிக் காட்டினாலும் ஒட்டுறவு 0.99 வரும், இதற்கு புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் விளக்கிய வரைபட முறையைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, "சிலருக்குப் பலன் தந்தது, சிலருக்குத் தரவில்லை" என்று ஆட்களைப் பிரிப்பது. படி 3-இல் கண்டுபிடித்த பிழையை எடுத்துப் பாருங்கள்: எதுவுமே செய்யாதபோதும் இரண்டு நாள் வித்தியாசம் 2.1 செ.மீ. திட்ட விலக்கத்தோடு ஆடியது. ஆகவே ஒருவர் 2 செ.மீ. ஏறினார், இன்னொருவர் 1 செ.மீ. இறங்கினார் என்பதை வைத்து அவர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

படி 9: எழுதுவது

செய்முறைப் பகுதியை அளவீடு நடக்கும் வாரத்திலேயே எழுதுங்கள், நினைவு பசுமையாக இருக்கும்போது. உங்களைத் தெரியாத ஒருவர் அதை வைத்து அப்படியே செய்ய முடிய வேண்டும்: போன் எத்தனை ஃபிரேமில் இருந்தது, எவ்வளவு தூரத்தில், ஒலிக்கவிட்ட வாக்கியம் சொல்லுக்குச் சொல் என்ன, ஓய்வு எத்தனை நொடி. முடிவுகளை அதன் பிறகு, முன்னுரையைக் கடைசியில்.

வித்தியாசம் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள். பிழையை நீங்களே அளந்திருக்கிறீர்கள், ஆள் எண்ணிக்கைக்குக் கணக்கு வைத்திருக்கிறீர்கள், திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்திருக்கிறீர்கள். அப்படிச் செய்த ஆய்வில் "பெரிய வித்தியாசம் இல்லை" என்பதும் முழு மதிப்புள்ள முடிவு, அதை அப்படியே எழுதுங்கள். பெயர் நீக்கிய தரவை இணைப்பாகக் கொடுத்தால் அடுத்த ஆண்டு வரும் மாணவர் உங்களிடமிருந்து தொடங்கலாம்.

நேரம் கொடுத்துத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய அளவுகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், பிழை எவ்வளவு என்பதையும் அதில் சொல்லி. கோச்சுக்குக் குழுவின் சராசரி மட்டும் போகட்டும், தனி நபர் எண்களை அந்த வீரர் விரும்பினால் அவரே காட்டிக்கொள்வார்.